பூச்சி தின்ற பூவைத் தொடாத கள்ளன்

அஜந்தாவின் வீட்டு முன்வளவைப் பற்றி, மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் அந்தத் தெருவுக்கே ஓர் அபிப்பிராயம் இருந்தது. அது நல்ல அபிப்பிராயம் இல்லை.

சென்ற ஆண்டு வெள்ளைப் புழு வந்து புல்லின் வேரைத் தின்றது. புழுவைத் தின்ன ஸ்கங்க் என்கிற நாற்றம் பிடித்த பிராணி வந்தது. ஸ்கங்க் கிண்டிய இடமெல்லாம் மண் தெரிந்து, புல்தரை சொறி பிடித்த நாயைப் போல ஆகிவிட்டது. சுருட்டி விற்கிற புல்லுப்பாயை வாங்கி விரித்துவிட்டால் கதை முடிந்தது என்றார் கணவர் கிருபானந்தன். அஜந்தா கேட்கிற ஆளா? நவம்பரில், முதல் பனி விழப்போகிற கிழமையாகப் பார்த்து, காட்டுப்பூ விதையை மணலோடு கலந்து அந்தப் பொட்டல்களில் தூவிவிட்டு வந்து கை கழுவினாள்.

"பனிக்குள்ளை விதைக்கிற ஆளை இண்டைக்குத்தான் பார்க்கிறன். உமக்கு விசரே?" என்று கிருபானந்தன் கேட்டார்.

"குளிர் பட்டால்தான் இந்த விதை முளைக்குமாம். பொறுத்துப் பாருங்கோ."

"பொறுக்கிறன். ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை மட்டும் பொறுப்பன். அதுக்குள்ளை என்ரை கண்ணாலை பூவைப் பார்க்கவேணும். இல்லாட்டில் புல்லுப்பாய்தான்."

இவ்வளவும் பழைய கதை. புதிய கதை என்னவென்றால், விதை முளைத்தது, வளர்ந்தது, மொட்டும் விட்டது. ஆனால் பூவை மட்டும் காணோம்.

மாலையில் பார்த்தால், தூவிய காட்டுப்பூக்களில் முந்திக்கொண்ட ஆளிச்செடிகளில் மொட்டுகள் நீலம் காட்டிக்கொண்டு, இதோ விரிந்துவிடுவோம் என்று நிற்கும். காலையில் எழுந்து வந்து பார்த்தால் வெறும் காம்பு. மற்றச் செடிகள் இன்னும் மொட்டுக் கட்டவே தொடங்கவில்லை. ஆக, பந்தயத்தைக் காப்பாற்ற இந்த நீலத்தை விட்டால் வேறு வழியில்லை.

யார் எடுக்கிறார்கள்? அஜந்தாவுக்கு அதைத் தவிர வேறு யோசனையே இல்லாமல் போயிற்று. மகள் ஆர்த்திகா பள்ளிக்கூடத்தின் கடைசி வருடப் பரீட்சையை முடித்துவிட்டுச் சும்மா இருந்தாள். துப்புத் துலக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

"முயல் இல்லையம்மா. முயல் எண்டால் பல்லாலை வெட்டும். இது நகத்தாலை கிள்ளியிருக்கு."

"ஸ்கங்க்?"

"ஸ்கங்குக்குப் பூ எதுக்கு? இன்னொண்டு கவனிச்சனீங்களே? பூச்சி தின்ற பூவை மட்டும் விட்டிட்டுப் போகுது. கீழை விழுந்ததையும் தொடேல்லை."

உண்மைதான். ஒவ்வொரு நாளும் ஒன்றிரண்டு ஓட்டைப் பூக்கள் மிஞ்சின. அப்படி மிஞ்சிய ஒன்றைக் காட்டியபோது கிருபானந்தன் காப்பிக் கோப்பையை வாயிலிருந்து எடுக்காமலே, "இது பூவோ, பூச்சியின்ரை சாப்பாடோ?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் அந்தப் பூவும் இதழைக் கொட்டிவிட்டது. ஆளிப்பூவின் ஆயுள் ஒரு காலைப்பொழுதுதான்.

வியாழக்கிழமை ஆர்த்திகா கண்டுபிடித்ததுதான் விசேஷம். ஈர மண்ணில் ஒரு காலடி. செருப்பில்லாத காலடி.

"ரொக்ஸ்பரோவிலை ஆரம்மா செருப்பில்லாமல் நடக்கிறது?"

அன்று மாலையே பக்கத்து வீட்டு அக்னெஸ் வேலியருகில் வந்து கதை கொடுத்தார். அக்னெஸின் புல்தரை கம்பளம் விரித்ததுபோல இருக்கும். அந்தப் பெருமையில் மற்றவர்களின் தரையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை. அதுவே ஒரு சொல்தான். தன் பிரெஞ்சில் அவர் சொன்னது இதுதான்: "உங்கள் அம்மா எவ்வளவு சுறுசுறுப்பு! சூரியனுக்கு முன்னாலேயே தோட்டத்தில் நிற்கிறாரே."

அஜந்தா சிரித்து, "மெர்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். அவளுடைய அம்மா காலமாகி ஐந்து வருடமாகிறது.

*

வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் அஜந்தா முன்கதவின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். தெரு சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஸ்டேசன் பக்கம் முதல் ரயில் போகிற சத்தம் கேட்டது. கள்ளனைப் பிடிக்க நிற்கிறோம் என்பதைவிட, பூச்சி தின்ற பூவை ஏன் விடுகிறான் என்று கேட்டுவிட வேண்டும் என்கிற அவாதான் அவளுக்கு அதிகமாக இருந்தது.

தெரு மூலையில் ஒரு சேலை தெரிந்தது. மேலே ஒரு செம்மஞ்சள் சால்வை. வந்தவர் நடைபாதை ஓரத்தில் செருப்பைக் கழற்றி, ஒன்றோடொன்று சேர்த்து வைத்தார். குளித்து ஈரம் காயாத தலையின் நுனியில் ஒரு முடிச்சு. கையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். வெறுங்காலோடு, செடி மிதிபடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வளவுக்குள் வந்து, பூச்சி கடித்ததை விட்டுவிட்டு, விரியத் தொடங்கிய பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கிண்ணத்தில் போட்டார்.

அஜந்தாவுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. பூச்சி கடித்ததும் கீழே விழுந்ததும் சாமிக்கு ஆகாது. குளிக்காமல் பிடுங்கக்கூடாது. செருப்போடு பிடுங்கக்கூடாது. இது அவளுக்குத் தெரியாத விஷயமா? கனடாவுக்கு வந்து சுப்பர் மார்க்கெட்டில் பூ வாங்கிப் பழகிய பிறகு மறந்தேபோய்விட்டது.

விளங்காதது ஒன்றுதான். அந்த முகம்.

அது புஷ்பவதி. கிருபானந்தனின் கூடப்பிறந்த அக்கா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். மூன்று வருடமாக இந்த வீட்டு வாசலை மிதிக்காதவர்.

அந்தச் சண்டை, ஆர்த்திகா பெரியபிள்ளையானபோது மண்டபம் எடுத்துச் செய்த சாமத்தியவீட்டில் தொடங்கியது. மாமி என்ற முறையில் முதல் ஆராத்தி எடுக்க வேண்டியவர் புஷ்பவதி. அன்றைக்கென்று பார்த்து மாசிப் பனி கொட்டோ கொட்டென்று கொட்ட, அவருடைய கார் வழியில் புதைந்துவிட்டது. மண்டபத்தில் வீடியோக்காரர் அவசரப்படுத்தினார். "நேரம் போகுது, தொடங்குவம்" என்று கிருபானந்தன் சொல்லிவிட்டார். புஷ்பவதி ஆராத்தித் தட்டோடு மண்டபத்துக்குள் வந்தபோது சபை சாப்பாட்டில் இருந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனவர்தான்.

அஜந்தா கதவைத் திறந்தாள்.

"மச்சாள்."

கிண்ணம் கையிலிருந்து நழுவப் பார்த்தது. புஷ்பவதி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஓடவும் முடியாது, செருப்பு அங்கே கிடக்கிறது.

"நீர் இந்த நேரத்திலை எழும்பிறனீரே?" என்றார் கடைசியில். களவு எடுத்தவர் வீட்டுக்காரியைக் கேட்கிற கேள்வியா இது!

"பூவை ஆர் எடுக்கினம் எண்டு பார்க்க எழும்பினனான்."

"பார்த்திட்டீர்தானே."

கிண்ணத்தில் நீலம் மெல்ல விரிந்துகொண்டிருந்தது, செடிகளில் வெறும் காம்புகள். ஸ்கங்க் எங்கே அதிகம் கிண்டியதோ அங்கேதான் அதிகம்.

"கடைப்பூ ஐஸ்பெட்டிக்குள்ளை கிடந்து வாறது. மணமும் இல்லை, ஒண்டும் இல்லை" என்று புஷ்பவதி தானாகவே தொடங்கினார். "ஒருநாள் விடிய ஸ்டேசனுக்குப் போகேக்கை இந்த நீலத்தைக் கண்டன். ஒண்டே ஒண்டுதான் எடுத்தனான். அடுத்தநாள் கால் தன்ரை பாட்டிலை இஞ்சை திரும்பிச்சுது."

"கேட்டு எடுத்திருக்கலாமே மச்சாள்."

"மூண்டு வருசமாக் கதையில்லாத வீட்டிலை என்னெண்டு கேக்கிறது? சாமிக்குப் பூவெண்டால் கேக்காமலும் எடுக்கலாம். அந்த ஒண்டைச் சாட்டி எண்டாலும் தம்பியின்ரை வளவிலை கால் வைக்கலாம் எண்டு நினைச்சன்."

இதைச் சொல்லும்போது அவர் அஜந்தாவைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்தார். அஜந்தாவுக்கு அவரை நோகடிக்க மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

"மச்சாள், நாளைக்கு இதெல்லாத்தையும் கொத்திப்போட்டுப் புல்லுப்பாய் விரிக்கப்போறார். லொறிக்குச் சொல்லியாச்சு. இஞ்சை ஒரு பூவும் பூக்கேல்லையாம்."

புஷ்பவதி கிண்ணத்தைப் பார்த்தார். செடிகளைப் பார்த்தார். தான் என்ன செய்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஐயோ பிள்ளை. என்னாலையே?"

"அவரைக் கூப்பிடட்டே? இப்ப வந்து பார்த்தாரெண்டால்..."

"வேண்டாம்!" அவர் அஜந்தாவின் கையைப் பிடித்தார். கை குளிர்ந்திருந்தது. "அவன் என்னை இஞ்சை களவெடுக்கிறவளாப் பார்க்கக்கூடாது. நான் வந்தனான் எண்டு அவனிட்டைச் சொல்லமாட்டன் எண்டு சொல்லும். ஆர்த்திமேலை ஆணையாச் சொல்லும்."

பிள்ளைமீது ஆணையிடச் சொன்னால் என்ன செய்வது? அஜந்தா தலையாட்டினாள். புஷ்பவதி செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். கிண்ணத்திலிருந்த பூவைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, பிடுங்கியது பிடுங்கியதுதான்.

*

அன்றைக்கு அஜந்தா வேலை செய்கிற கார்டரி என்னும் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளின் சூப்பில் உப்பு இரண்டு முறை விழுந்தது. பொறுப்பாளர் ருசி பார்த்துவிட்டுத் தண்ணீர் சேர்த்தார்.

சொன்னால் பூக்கள் பிழைக்கும். சொன்னால் ஆணை போகும், அதோடு மச்சாளின் மானமும் போகும். எட்டு மாதமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த செடி. பனிக்குள் ஏதாவது உயிரோடு கிடக்குமா என்று அவள் எத்தனை தரம் யன்னலால் எட்டிப் பார்த்திருப்பாள். நாளை விடிய வேறு மொட்டு விரியுமோ, லொறி வருமுன் அவர் எழும்பிப் பார்ப்பாரோ, நிச்சயமில்லை; பார்க்காவிட்டால் எல்லாம் மண்ணுக்குள் புதையும்.

வீட்டுக்கு வந்தால் ஆர்த்திகா வாசற்படியிலேயே காத்திருந்தாள்.

"அம்மா, கள்ளனைக் கண்டிட்டீங்கள் என்ன?"

"இல்லையே. ஸ்கங்காத்தான் இருக்கும்."

"ஸ்கங்க் செருப்பைக் கழட்டி வைச்சிட்டே வாறது? உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாதம்மா. ஆர், எங்களுக்குத் தெரிஞ்ச ஆளே?"

"சொல்லேலாது பிள்ளை. உன்மேலை ஆணை."

"என்மேலையோ?" ஆர்த்திகா யோசித்தாள். குளித்து, செருப்புக் கழற்றி, சாமிக்குப் பூப்பிடுங்கி, தன்மேல் ஆணையிடச் சொல்லக்கூடிய ஆட்கள் மொன்றியலில் எத்தனை பேர்? அவள் முகம் மாறியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. தாயைவிட மகள் கெட்டிக்காரி.

வேலையிலிருந்து வந்த கிருபானந்தன் உடுப்பு மாற்றிக்கொண்டு மண்வெட்டியோடு வெளியே வந்தார். வேலியிலிருந்து நடைபாதை வரை கயிறு கட்டி அளவு பார்த்தார்.

"நாளைக்குத்தானே கெடு. இண்டைக்கே ஏன் மண்வெட்டி?" என்றாள் அஜந்தா.

"லொறிக்காரன் ஒன்பதுக்கு வாறான். ஒரு ஓரத்தையெண்டாலும் கொத்தி வைச்சால் நாளைக்கு வேலை சுகம். எங்கை உம்மடை பூ? காட்டும் பாப்பம், விட்டிடுறன்."

"பூத்தது."

"எங்கை?"

அஜந்தா வெறும் காம்புகளைப் பார்த்தாள். கிருபானந்தன் கெட்டவர் இல்லை. மனைவி எட்டு மாதம் ஏமாந்து போனாளே என்ற பரிதாபம்தான் அவருக்கு. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். மண்வெட்டி உயர்ந்தது.

"தம்பி."

நடைபாதையில் புஷ்பவதி நின்றார். நல்ல சேலை உடுத்திருந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை, வளவுக்குள் வரவும் இல்லை. கையில் ஒரு பெரிய தகரப்பெட்டி, பிஸ்கட் வாங்குகிற பெட்டி.

கிருபானந்தன் மண்வெட்டியை இறக்கினார்.

புஷ்பவதி பெட்டியின் மூடியைத் திறந்து தம்பியின் பக்கம் நீட்டினார். உள்ளே நிறம் மங்கிய நீல இதழ்களும் காய்ந்த காம்புகளும் பாதிப் பெட்டிக்குக் கிடந்தன. சந்தனமும் குங்குமமும் அங்கங்கே ஒட்டியிருந்தன.

"சாமிக்கு வைச்ச பூவைக் குப்பையிலை போடேலாது. இஞ்சை கிணறோ கடலோ இருக்கே, கொண்டுபோய்ப் போட? ஒருநாளைக்கு ஆத்திலை விடுவம் எண்டு சேர்த்து வைச்சனான்" என்றார். "இவ்வளவும் உன்ரை வளவுப் பூ. ஒவ்வொரு நாளும் விடிய வந்து களவெடுத்தனான். உன்ரை பெண்சாதியிலை பிழையில்லை. அவ விதைச்சது பூத்தது."

கிருபானந்தன் பெட்டிக்குள் விரலை விட்டு ஒரு காம்பை எடுத்தார். அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இதை வைச்சு என்ன கும்பிட்டனீ அக்கா?"

மூன்று வருடத்துக்குப் பிறகு அக்காவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"உன்னை, உன்ரை பெண்சாதி பிள்ளையைச் சுகமா வைச்சிருக்கச் சொல்லி. வேறை என்னத்தைக் கும்பிடுறது?"

கிருபானந்தன் தலையைக் குனிந்துகொண்டார். "உள்ளுக்கு வாவன் அக்கா" என்றார் மண்ணைப் பார்த்து.

புஷ்பவதி பெட்டியை மூடினார். "அப்பிடி வரமாட்டன். பூ எடுக்கக் களவா வந்தனான். உறவுக்குக் களவா வரமாட்டன். முறையா, ரெண்டு பேருமா என்ரை வாசலிலை வந்து நிண்டு கூப்பிடுங்கோ. பேந்து பார்ப்பம்."

போகிற போக்கில் அஜந்தாவைப் பார்த்து, "ஆணையை நானே உடைச்சிட்டன். பிள்ளைக்கு ஒண்டும் வராது" என்றார்.

அன்று இரவு கிருபானந்தன் சாப்பிட்டுவிட்டு நேரத்தோடு படுத்துவிட்டார். லொறிக்காரனுக்கு வேண்டாமென்று சொல்லவில்லை. மண்வெட்டி வெளியே சுவரில் சாய்ந்தபடியே இருந்தது.

*

சனிக்கிழமை விடியவே குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு அஜந்தா கண்விழித்தாள். கிருபானந்தன் லீவு நாளில் எட்டு மணிக்கு முன் எழும்பியதாகச் சரித்திரம் இல்லை.

எட்டிப் பார்த்தாள். தோய்த்த வேட்டி, ஈரத்தலை, வெறுங்கால். அவர் வளவின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவரைச் சுற்றிப் பொட்டலெல்லாம் நீலமாக இருந்தது.

இவ்வளவையும் அஜந்தாவே இன்றைக்குத்தான் முழுசாகப் பார்க்கிறாள். பிடுங்க ஆள் வராத முதல் நாள். அவள் படியிறங்கி வந்தாள்.

"இவ்வளவும் பூத்ததே?" என்று மெதுவாகக் கேட்டார் கிருபானந்தன்.

"ஒவ்வொரு நாளும் பூத்தது."

அவர் பூவைப் பார்க்கவில்லை. தெரு மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு நாய்க்காரரைத் தவிர வேறு யாரும் வரவில்லை.

"அக்கா வரேல்லை அஜந்தா."

"இனி வரமாட்டா. நாங்கள்தான் போகவேணும்."

பந்தயத்தில் தோற்ற மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எதையோ தொலைத்துவிட்டவர் போலத்தான் நின்றார். பிறகு குனிந்து ஒரு பூவைக் கிள்ளினார். அதை நிமிர்த்திப் பார்த்தார்.

"பூச்சி தின்றதை விடவேணும், என்ன?"

"ஓம். விழுந்ததையும் எடுக்கக்கூடாது. ஓரத்திலை கொஞ்சம் விடுங்கோ, விதை விழட்டும்."

அஜந்தா உள்ளே ஓடிக் குளித்துவிட்டுத் தாம்பாளத்தோடு வந்தாள். இருவருமாகப் பிடுங்கினார்கள். தட்டு நிறைந்ததும் கிருபானந்தனுக்கு லொறியின் நினைவு வந்தது.

"ஒன்பதுக்கு வந்திடுவான். போனுக்கும் ஆள் இல்லை. ஆர்த்தியை நிண்டு திருப்பி அனுப்பச் சொல்லும்."

"நான் நிக்கமாட்டன்" என்று ஒரு குரல் வந்தது. ஆர்த்திகா பாவாடை சட்டையோடு, ஈரத்தலையோடு வாசற்படியில் நின்றாள். இதையெல்லாம் எப்போது உடுத்தாளோ! "நானும் வாறன் அப்பா. மாமி ஆராத்தி எடுக்காமல் விட்டது எனக்குத்தானே. நான்தான் முதல்லை கூப்பிடவேணும்."

கிருபானந்தன் மகளைப் பார்த்தார். தாம்பாளத்தை அவள் கையில் கொடுத்தார்.

அக்னெஸ் தன் புல்லுக்குத் தண்ணீர் விட வெளியே வந்தது நல்லதாய்ப் போயிற்று. லொறிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட முடியுமா என்று அஜந்தா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டாள். அக்னெஸ் மகிழ்ச்சியோடு தலையாட்டினார். நீலத் தரையைப் பார்த்தபடி, "உங்கள் அம்மா இன்றைக்கு வரவில்லையா?" என்று விசாரித்தார்.

"அவர் அம்மா இல்லை. என் கணவரின் அக்கா. கூப்பிடத்தான் போகிறோம்."

இரண்டு தெரு தூரத்தை மூன்று பேரும் நடந்தே கடந்தார்கள். புஷ்பவதியின் வாசலில் அந்தச் செருப்பு இருந்தது, ஒன்றோடொன்று சேர்த்து வைத்தபடி. கிருபானந்தன் மணியை அழுத்தக் கையை உயர்த்திவிட்டுத் திரும்ப இறக்கினார். ஆர்த்திகா எட்டி அழுத்தினாள்.

உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. கதவுவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"மாமி, நான் ஆர்த்தி. அம்மாவும் அப்பாவும் நிக்கினம்."

கதவு திறக்கவில்லை. காலடி திரும்பிப் போகவும் இல்லை. கிருபானந்தன் முன்னே வந்து, கதவோடு வாயை வைத்து, "அக்கா, கூப்பிட வந்திருக்கிறம்" என்றார்.

தாம்பாளத்தில் இரண்டு இதழ் உதிர்ந்தது. இன்னும் ஏழு மணிகூட ஆகவில்லை. ஆளிப்பூ மத்தியானம்வரை தாங்கும். மூன்று பேரும் அங்கேயே நின்றார்கள்.